லத்திமார் துரை தேடின பாறை

உக்காருங்க தம்பி, இந்த நிழல்லயே உக்காருங்க. காத்து இப்படி அடிச்சா எந்தத் தோணிக்காரனும் கயிறை அவுக்க மாட்டான். கொழும்புக் கப்பல் உங்களை விட்டுட்டுப் போயிடாது. அதோ, தூரத்துல புகை தெரியுதுல்ல, அதான் கப்பல். ஏன் அவ்வளவு தள்ளி நிக்கிறான்னுதானே கேட்டீங்க? தூத்துக்குடிக் கரையில ஆழம் கிடையாது. கிட்ட வந்தா தரை தட்டிடும். எங்க எத்தனை பாகம் ஆழம், எங்க மணல், எங்க சேறு, எங்க பாறை, எல்லாத்தையும் அளந்து படம் போட்டு வச்சிருக்காங்க. அந்தப் படத்தைப் பாத்துதான் கப்பல் ஓட்டுறான். படம் போட்டவருக்கு நான்தான் சமையல்.

என் பேரு சந்தியாகு. ஊரு நாகப்பட்டினம். இப்ப இங்க மாதா கோயில் சாமியார் வீட்டுல குசினி வேலை. காலையில மீன் வாங்க வருவேன். கப்பலுக்கு யாராவது காத்திருந்தா ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போவேன். சாமியார் ஜெபம் பண்றவரு, அதிகம் பேச மாட்டாரு. எனக்கு வாய்க்கிற எசமான் எல்லாம் அப்படித்தான்.

துரை பேரு லாட்டிமர். நம்ம ஆளுங்க வாயில அது லத்திமார்னு ஆயிடுச்சு. என் பாதி ஆயுசு அவருக்குச் சோறாக்கிப் போட்டேன் தம்பி. நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரு நாள் கூட இல்லை. இதை நான் யார்கிட்ட சொன்னாலும் வெள்ளைக்காரன் அப்படித்தான்னு சொல்லிட்டுப் போயிடுறாங்க. வெள்ளைக்காரங்களை நானும் பாத்திருக்கேன். குடிச்சிட்டு அடிக்கிறவன் கூட மறுநாள் தோள்ல தட்டிக் குடுப்பான். இவரு அடிக்கவும் மாட்டாரு, தட்டவும் மாட்டாரு.

அவரு கதை எனக்கு உதுமான் தண்டல் சொல்லித்தான் தெரியும். தண்டல்னா படகுக்காரங்களுக்கெல்லாம் தலைவரு. கீழக்கரை ஆளு, அண்ணன் முறைக்கு அவங்க சொல்ற மாதிரி நானும் காக்கான்னுதான் கூப்பிடுவேன். இங்கிலீஷ் நல்லா பேசுவாரு. துரைக்கு அப்ப தமிழ்ல நாலு வார்த்தைதான் வரும். வா, போ, உக்காரு, சரியா. அதுக்கு மேல எதுன்னாலும் தண்டல்தான் நடுவுல.

சீமையில துரையோட அப்பா கப்பலுக்குப் பாய் தைக்கிறவராம். மீசை முளைக்கிறதுக்கு முன்னாடியே புள்ளையைக் கப்பல்ல ஏத்தி விட்டுட்டாங்க. இங்க வர்றதுக்கு முன்னாடி மஸ்கட்டு, பஸ்ரான்னு அந்தப் பக்கக் கடலெல்லாம் அளந்தவரு. அங்க காய்ச்சல் வந்து கூட இருந்த வெள்ளைக்காரங்க ஒவ்வொருத்தரா செத்துப் போக, மிச்சப் படத்தை இவரே தனியா உக்காந்து முடிச்சாராம். வெயில்ல ஒரு கண்ணுல பாதிப் பார்வையும் போச்சு. அதுக்கப்புறம்தான் பேச்சு குறைஞ்சதுன்னு தண்டல் சொல்லுவாரு. கல்யாணம் பண்ணிக்கல. ஊருல ஒரு அக்கா இருந்துச்சு, அதுவும் போய்ச் சேந்துச்சு.

நாகப்பட்டினத்துல கப்பல் நின்னப்ப நான் வேலைக்குச் சேந்தேன். அப்ப எனக்குக் கல்யாணம் ஆகி ஒரு வருஷம். ஒரு மழைக்காலத்துக்குள்ள வந்துடுவேன்னு மதலேனாகிட்ட சொல்லிட்டு வந்தேன். மதலேனா என் வீட்டுக்காரி.

வேலை என்னன்னு கேட்டீங்கன்னா, படகை நேர்கோடா ஓட்டணும். ஒருத்தன் கயித்துல ஈயக்குண்டைக் கட்டி கடல்ல விடுவான். தரையைத் தொட்டதும் இத்தனை பாகம்னு கத்துவான், ரெண்டு கையையும் விரிச்சா அது ஒரு பாகம். துரை எழுதிக்குவாரு. கொஞ்சம் தள்ளிப் போயி மறுபடி குண்டு. மறுபடி கத்தல். குண்டோட அடியில கொழுப்பு தடவியிருக்கும். மணல்னா மணல் ஒட்டிட்டு வரும், சேறுன்னா சேறு. ஒண்ணும் ஒட்டாம கீறலோட வந்தா பாறை. கோடிக்கரையில ஆரம்பிச்சு கன்னியாகுமரி வரைக்கும் இப்படியே. பாக்குறவனுக்குப் பைத்தியம் பிடிக்கும். அவருக்கு அது பிடிச்சிருந்துச்சு.

சாப்பாடு? மிளகுத்தண்ணி, சோறு, ஒரு துண்டு கோழி. தட்டைக் காலி பண்ணி வச்சிட்டு எழுந்துடுவாரு. ஒரு தடவை கலெக்டர் வீட்டுல பெரிய விருந்துன்னு கூப்பிட்டுப் போனாங்க. பாதியிலயே எழுந்து வந்துட்டாரு. வந்து குசினி வாசல்ல நின்னுக்கிட்டு மிளகுத்தண்ணி இருக்கான்னு கையைக் காட்டிக் கேக்குறாரு. நான் அப்பதான் அடுப்பை அணைச்சிருக்கேன். எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. அங்க ஆட்டுக்கறி, வாத்துக்கறி எல்லாத்தையும் விட்டுட்டு வந்து, ஓய்ஞ்சு உக்காந்தவனை எழுப்பினா?

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

கடைசி வருஷம். மணப்பாட்டுக்குத் தெக்க ஒரு துண்டு மட்டும்தான் பாக்கி. கச்சான் காத்து ஆரம்பிச்சா கடல் கொந்தளிக்கும், அளக்க முடியாது. அதுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்துச்சு. நாலு நாள் வேலைதான், முடிச்சுட்டு ஊருக்குப் போயிடலாம்னு தண்டல் சந்தோஷமா இருந்தாரு. அப்பதான் எனக்கு வாந்திபேதி வந்துச்சு. காலையில ரொட்டி சுட்டுக்கிட்டு இருந்தேன், மத்தியானம் எழுந்திரிக்க முடியல. மத்த ஆளுங்க பயந்து போயி, இவனை மணப்பாட்டு மணல்ல இறக்கி விட்டுடலாம், இல்லைன்னா எல்லாருக்கும் பரவும்னு சொன்னாங்களாம். அது காதுல விழுந்துச்சு. அதுக்கப்புறம் ஒண்ணும் தெரியல.

கண்ணைத் திறந்தா இங்க தூத்துக்குடியில, மிஷன் டாக்டர் கொட்டகையில கிடக்கேன். பக்கத்துல ஒரு மரப்பெட்டி மேல துரை உக்காந்திருக்காரு. சவரம் பண்ணாத முகம். தொப்பி மடியில இருக்கு. ஈயக்குண்டு விடுற நேரத்துல இவரு இங்க என்ன பண்றாருன்னு எனக்கு ஆச்சரியம். அப்புறம் புரிஞ்சுது, சமைக்க ஆள் இல்லாம வந்திருக்காரு.

"சரியா?"ன்னாரு.

"நாளைக்கு எழுந்து ஆக்கிடுவேன் துரை"ன்னேன்.

எழுந்து வெளிய போயிட்டாரு. சுவத்தைப் பாத்துக்கிட்டு ரொம்ப நேரம் நின்னாருன்னு தண்டல் பின்னாடி சொன்னாரு. எதுக்குன்னு எனக்குத் தெரியாது.

நான் எழுந்து நடக்குறதுக்குள்ள கச்சான் காத்து ஆரம்பிச்சிடுச்சு. அந்தத் துண்டு அளக்காமலே நின்னுபோச்சு. காத்து ஓஞ்சதும் வந்து முடிச்சுக்கலாம்னு இருந்தாரு. அதுக்குள்ள சர்க்கார் கப்பலை வேற வேலைக்கு எடுத்துக்கிட்டாங்க. படத்தை உடனே அனுப்புன்னு தாக்கீது மேல தாக்கீது. அந்த இடத்துல எண் ஒண்ணும் போடாம வெறுமையா விட்டு அனுப்பினாரு. சீமையில அதை அச்சடிச்சாங்க. துரைக்குக் கப்பித்தான் பட்டம் குடுத்தாங்க. அன்னைக்கும் மிளகுத்தண்ணிதான்.

ரெண்டு வருஷம் கழிச்சு கொழும்புல இருந்து ஒரு பாய்க்கப்பல் வந்துச்சு. காப்பித் தோட்டத்துல வேலை செஞ்சுட்டு ஊருக்குத் திரும்புற சனங்க. திருநெல்வேலிப் பக்கத்து ஆளுங்க. புள்ளைகுட்டியோட. பெருங்காத்துல திசை மாறி, மணப்பாட்டுக்குத் தெக்க வந்து ஒரு பாறையில மோதிடுச்சு. படத்துல அந்த இடம் வெறுமையா இருந்ததால பாறை இல்லைன்னு கப்பல்காரன் நம்பியிருக்கான். பாதிப் பேர் கரை சேரல தம்பி.

சேதி கேட்டு நாங்க போனப்ப மணல்ல வரிசையா படுக்க வச்சிருந்தாங்க. துரை ஒவ்வொரு முகமா பாத்துக்கிட்டே நடந்தாரு. ஒண்ணைக்கூட விடல. கடைசியில ஒரு பொம்பளை, கையில தோட்டத்துல குடுத்த தகரக் குவளையை விடாம பிடிச்சபடி கிடந்தா. அங்க மண்டி போட்டு உக்காந்தவரு எழுந்திரிக்கல. நானும் தண்டலும்தான் தூக்கி நிறுத்தினோம்.

மதராஸ்ல விசாரணை வச்சாங்க. நான் உள்ள போகல, வெளிய மரத்தடியில இருந்தேன். உள்ள நடந்ததைப் படகுக்காரங்க வந்து சொன்னாங்க. காத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருந்துச்சே, அந்தத் துண்டை அளக்காம கப்பலைத் தூத்துக்குடிக்கு ஏன் திருப்பினீங்கன்னு கேட்டாங்களாம். துரை எழுந்து, தப்பு என்னுது, வேற காரணம் இல்லைன்னாராம். தண்டல் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாராம். துரை கையைக் காட்டி உக்காருன்னுட்டாராம்.

வேற காரணம் இல்லைன்னு எவனாவது சொல்வானா? எதையாவது சொல்லித் தப்பிச்சுக்க வேண்டாமா? அரிசி தீந்துபோச்சுன்னு சொல்லியிருக்கலாம். அரிசி தீரல, அது எனக்குத் தெரியும், மூட்டை மூட்டையா நான்தான் ஏத்தி வச்சேன். அப்ப தண்ணி தீந்திருக்கும். எதுக்காகக் கப்பலைத் திருப்பினாரோ, நான்தான் நினைவில்லாம கிடந்தேனே, எனக்கென்ன தெரியும்?

தண்டல் வெளிய வந்து என் முன்னாடி நின்னாரு. முகமெல்லாம் சிவந்திருந்துச்சு.

"உனக்கு ஒண்ணுமே புரியலையா சந்தியாகு?"

"என்ன புரியணும் காக்கா? உள்ள நடந்தது எனக்கெப்படித் தெரியும்?"

என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டாரு. அன்னையில இருந்து எங்கிட்ட நல்ல பேச்சே கிடையாது. துரை மேல இருக்கிற கோபத்தை என் மேல காட்டினா நான் என்ன பண்ணுவேன்?

துரைக்கு வேலை போச்சு. அரைச் சம்பளத்தைக் குடுத்து சீமைக்குப் போகச் சொல்லிட்டாங்க. போகல. இருக்கிறதை வித்து ஒரு தோணி வாங்கினாரு. மணப்பாட்டுக் கரையில ஓலைக்குடிசை போட்டாரு, நானும் தண்டலும் கூடவே போனோம். அந்தப் பாறை எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சு படத்துல போடணுமாம். பிழைச்சவங்க ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு இடத்தைச் சொல்றாங்க. அந்தக் கப்பலோட கப்பித்தான் செத்துப்போயிட்டான். உடைஞ்ச கப்பலை அலை எங்கெங்கயோ இழுத்துட்டுப் போயிடுச்சு. கடல்ல வீடு மாதிரி ஒரு பாறை, அதுவும் தண்ணிக்கு அடியில. எங்கன்னு தேடுறது? காத்து ஓய்ஞ்ச மாசமெல்லாம் தோணி, குண்டு, கத்தல். காத்து அடிக்கிற மாசமெல்லாம் குடிசையில உக்காந்து கடலைப் பாக்குறது. எத்தனை வருஷம் போச்சுன்னு எண்ணவே விட்டுட்டேன். ஊர்க்காரங்க கல்லு துரைன்னு பேரு வச்சாங்க.

அந்த ஒரு கல்லுக்காக என் வாழ்க்கையும் போச்சு தம்பி. அதைத்தான் சொல்ல வந்தேன்.

மதலேனா ஆள் மேல ஆள் சொல்லி அனுப்பினா. துரைக்கும் தெரியும். வருஷா வருஷம் மாதா திருவிழா சமயத்துல என்னைக் கூப்பிட்டு, "வீடு. போ"ம்பாரு. வழிச்செலவுக்குக் காசையும் எடுத்து நீட்டுவாரு. போன்னு சொன்னா உடனே போயிடுறதா? நான் போயிட்டா அவருக்கு யாரு ஆக்கிப் போடுவா? அதை யோசிச்சாரா? வாயால போங்கிறது, ஆனா போக முடியாதபடி அப்படி ஒண்டியா உக்காந்திருக்கிறது. இதுக்கு என்ன அர்த்தம்?

கடைசியில அவளே வந்துட்டா. நாகப்பட்டினத்துல இருந்து வண்டி மாத்தி வண்டி மாத்தி, ஒரு துணிமூட்டையோட. துரை எழுந்து தன் நாற்காலியை அவளுக்குப் போட்டாரு. குடிசையில இருந்தது அந்த ஒரே நாற்காலிதான். அவ கூச்சத்தோட நுனியில உக்காந்தா. தலை நரைக்க ஆரம்பிச்சிருந்துச்சு அவளுக்கு. எனக்கு அடையாளம் தெரிய ஒரு நிமிஷம் ஆச்சு.

"வாங்க, போவோம். அண்ணன் வீட்டுப் பக்கத்துல ஒரு குடிசை இருக்கு. நீங்க கோயில்ல சமைச்சாலும் போதும்"னா.

"துரை விட மாட்டாரும்மா"ன்னேன்.

இத்தனை வருஷத்துல துரைக்கு அந்த அளவு தமிழ் வந்திருந்துச்சு. "நான் விடுறேன். போ. வீடு. போ"ன்னாரு.

எனக்குச் சுருக்குனு கோபம் வந்துச்சு. "பாத்தியா, இத்தனை வருஷம் உழைச்சவனை எப்படி விரட்டுறாருன்னு? இவரு போன்னா போறதுக்கு நான் என்ன நாயா?"ன்னு கத்திட்டேன். மதலேனா என் முகத்தைப் பாத்தா. அவரு முகத்தைப் பாத்தா. நான் போட்ட சோத்தைச் சாப்பிட்டா. "உப்பு சரியா இருக்கு"ன்னா. மறுநாள் காலையில வண்டி ஏறினா. வண்டி கிளம்புறப்ப துரைதான் கூடக் கொஞ்ச தூரம் நடந்து போனாரு. எனக்கு உலை கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு.

அதுக்கு அடுத்த மழையில அவ கண்ணை மூடிட்டா. சொல்லி அனுப்பினாங்க.

தண்டலும் அதே வருஷம் காய்ச்சல்ல போனாரு. கடைசி நேரத்துல என்னைக் கூப்பிட்டு, "அவரைத் தனியா விட்டுடாதே"ன்னாரு. "அவருதான் காக்கா என்னை விட மாட்டேங்கிறாரு"ன்னேன். அந்த நிலையிலயும் மனுசனுக்குச் சிரிப்பு வந்துச்சு.

அதுக்கப்புறம் துரையும் நானும் கூலிக்கு வர்ற ரெண்டு மீன்காரங்களும்தான். நடுவுல பேச ஆள் இல்லை. நான் தமிழ்ல சொல்வேன், அவரு இங்கிலீஷ்ல சொல்வாரு. ரெண்டு பேருக்கும் ஒண்ணும் விளங்காது. ஆனாலும் சாயங்காலமானா ஏதாவது சொல்லுவாரு. நானும் மீன் அரிஞ்சுக்கிட்டே எதையாவது சொல்லுவேன். வேற என்ன பண்றது?

ஒரு காலையில, கடல் எண்ணெய் ஊத்தின மாதிரி கிடந்துச்சு. குண்டு இறங்கின வேகத்துல நின்னுபோச்சு. மீன்காரன் "ரெண்டு பாகம்!"னு கத்தினான். அங்க பத்துப் பாகம் இருக்கணும். குண்டை இழுத்துப் பாத்தா, கொழுப்புல மணல் இல்லை, சேறு இல்லை. குறுக்கால ஒரு கீறல். துரை அதை வாங்கி ரெண்டு கையிலயும் வச்சுக்கிட்டாரு. விரலால அந்தக் கீறலைத் தடவினாரு. நான் சிரிப்பாருன்னு பாத்தேன். சிரிக்கல. அன்னைக்கு முழுக்க அந்தப் பாறையைச் சுத்திச் சுத்தி அளந்தாரு. கரையில இருக்கிற கோயில் கோபுரத்தையும் தேரி மணல்மேட்டையும் பாத்துக் கோணம் எடுத்தாரு. திரும்பி வர்றப்ப தொப்பியைக் கழட்டிட்டு அந்தப் பக்கமே பாத்துக்கிட்டு வந்தாரு.

அன்னைக்குச் சாப்பாடு வச்சேன். துரை எழுந்து போயி என் அரிசிப்பெட்டியை இழுத்துட்டு வந்து மேசைக்கு அந்தப் பக்கம் போட்டாரு. அவரே இன்னொரு தட்டை எடுத்து வச்சாரு.

"உக்காரு, சந்தியாகு."

நான் ஆடிப்போயிட்டேன். எசமான் மேசையில சமையல்காரன் உக்காருறதா? எனக்கு முறை தெரியாதா? "வேண்டாம் துரை, வழக்கம் இல்லை"ன்னு கையைக் கட்டிக்கிட்டு நின்னேன். அவரு திரும்பவும் "உக்காரு"ன்னாரு. நான் நின்னேன். கொஞ்ச நேரம் பெட்டியைப் பாத்தாரு. ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுக் கையைக் கழுவிட்டாரு. அவரு தட்டுல மிச்சம் வச்சது அன்னைக்கு ஒரு நாள்தான். பாறை கிடைச்ச நாள்ல கூட என் சமையல் பிடிக்கல.

மதராஸ்ல இருந்து ஆள் வந்து சரி பாத்தாங்க. புதுப் படத்துல அந்தப் பாறை ஏறிடுச்சு. இப்ப எல்லாக் கப்பலும் அதைத் தள்ளித்தான் போகுது. நீங்க போற கப்பலும் கூட. அதுக்கப்புறம் அவருக்கு இங்க வேலை இல்லை. நல்ல கண்ணும் மங்க ஆரம்பிச்சிடுச்சு, இருமலும் விடல. சீமைக்குக் கிளம்பினாரு. ஆனா போய்ச் சேரல. ஏடன் வர்றதுக்கு முன்னாடியே உயிர் போயி, கடல்லயே விட்டுட்டாங்கன்னு கப்பல் ஏஜெண்டு வீட்டு ஆளு சொன்னான்.

வழியனுப்ப வந்தது இதே துறைதான். வழியில சாப்பிட ரொட்டி, மிளகு போட்ட கோழி, எலுமிச்சை ஊறுகாய் எல்லாம் ஒரு கூடையில கட்டி எடுத்துட்டு வந்திருந்தேன். துரை தோணியில ஏறி, நடுப்பலகையில உக்காந்துட்டு என்னைப் பாத்து இங்கிலீஷ்ல பேச ஆரம்பிச்சாரு. அவ்வளவு நீளமா அவரு பேசி நான் கேட்டதே இல்லை. நிறுத்தி நிறுத்திச் சொன்னாரு. ஏதோ கேட்டுட்டு என் முகத்தையே பாத்தாரு. பெரியவங்க கேட்டா இல்லைன்னு சொல்லக் கூடாதுல்ல?

"எஸ் சார்"னேன்.

திரும்பவும் அதையே கேட்டாரு, மெதுவா.

"எஸ் சார், எஸ் சார்"னேன்.

அப்பதான் தம்பி, அந்த மனுசன் சிரிச்சு நான் பாத்தது. சட்டுனு பலகையில ஓரமா நகந்து உக்காந்து பக்கத்துல இடம் விட்டாரு. கையை நீட்டினாரு. கூடைக்குத்தான் இடம் பண்றாருன்னு, நான் கூடையைக் குடுத்து அந்த இடத்துல வச்சேன். வச்சிட்டுப் பின்னால வந்து நின்னு கும்பிட்டேன்.

தோணிக்காரன் தள்ளலாமான்னு கேட்டான். துரை பொறுன்னு கையைக் காட்டினாரு. அவன் இன்னும் கொஞ்சம் பாத்துட்டு, காத்து மாறுதுன்னு தள்ளிட்டான். துரை திரும்பி என்னையே பாத்துக்கிட்டுப் போனாரு. நடுவுல நகந்து நல்லா உக்காந்திருக்கலாம், இடம் இருந்துச்சு. உக்காரல. அந்த ஓரத்துலயே உக்காந்து, கூடை சாயாம அது மேல கையை வச்சபடியே கண்ணுக்கு மறையுற வரைக்கும் போனாரு.

சாப்பாட்டு மேல அவ்வளவு அக்கறை. ஆக்கிப் போட்டவன் மேல ஒரு நாளாவது இருந்துச்சா, நீங்களே சொல்லுங்க.